ஜெபக்கூட்டத்தில் உரிந்த முழங்கால்

வருத்தத்துக்கு நான் எசமானா, வருத்தம் எனக்கு எசமானா? ஆவணி மாதத்தில் முடிவு எடுத்துவிட்டேன். நான் வொலிபோல் விளையாடுவேன். சீனி வருத்தம், அதுதான் இந்த நீரிழிவு, வேண்டுமானால் கூட வரட்டும், கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கட்டும்.

தடை ஒன்றுதான். என் மனைவி பொன்மலர். போன வருஷம் சீனி இறங்கி நான் மைதானத்தில் சுருண்டு விழுந்ததிலிருந்து பந்து அவளுடைய அலுமாரிக்குள் சிறை.

“டாக்குத்தரே விளையாடச் சொல்லுறார். பொக்கற்றிலை இனிப்பு வைச்சிருந்தால் காணுமாம்.”

“அவர் சொல்லுவார். விழுந்தால் தூக்கிறது நானெல்லோ?”

ஆகவே திட்டம் போட்டேன். எங்கள் சபையில் வியாழன்தோறும் ஜெபக்கூட்டம். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீடு. அந்த நேரம் பொன்மலர் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு எடுப்பாள், அவளால் வர முடியாது. நான் பையின் மேலே வேதாகமம், கீழே விளையாடப் போடும் சப்பாத்து வைத்துப் பண்டத்தரிப்பு மைதானத்துக்குப் பக்தியோடு சைக்கிளை மிதித்தேன்.

ஒருநாள் பந்துக்குப் பாய்ந்து முழங்கால் உரிந்தது.

“இதென்னப்பா காயம்?”

“முழங்காலிலை நிண்டு ஜெபிச்சனான்.”

“தோல் உரியவோ?”

“அவ்வளவு உருக்கம்.”

“சேட்டும் தெப்பமாய் நனைஞ்சிருக்கு?”

“கண்ணீர்.”

மருந்து எடுத்துப் போட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சப்பாத்து மாட்டும்போது அதற்குள் கிடக்கும் ரொபி இனிப்புகளைப் பொக்கற்றில் போட்டுக்கொள்வேன்; கை நடுங்கி வியர்த்தால் வெளியே வந்து சூப்புவேன். நடுக்கம் அடங்கியதும் திரும்ப இறங்குவேன். ரொபி வைப்பது எங்கள் அணித்தலைவன் நிருஷன் என்றே நினைத்தேன். தங்கமான பிள்ளை.

கடைசியில் பெரிய ஆட்டம் வந்தது. கலியாணம் கட்டினவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் போட்டி. வியாழன் பின்னேரம்.

“இஞ்சேருங்கோ, இந்த வியாழன் கூட்டம் எங்கடை வீட்டிலை. போதகருக்குச் சொல்லிப்போட்டன், வகுப்பையும் நிப்பாட்டிப்போட்டன்.”

“ஏன் திடீரெண்டு?”

“எல்லா வீட்டையும் போய் ரோல்சும் தேத்தண்ணியும் எடுத்துப்போட்டு வாறியள். எங்கடை முறை வரவேணுமெல்லே?”

வசமாக அகப்பட்டேன். ஆனாலும் விட மனமில்லை. ஊசியும் குளிசையுமாகப் போகிற கிழமையில், அந்த ஒரு பின்னேரம்தான் நான் நோயாளி இல்லை.

“பொன்மலர், நான் ஜெபிக்கேல்லை. வொலிபோல் விளையாடினனான். வியாழனும் விளையாடுவன். விழுந்தாலும் எழும்பி விளையாடுவன்.”

சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“சப்பாத்துக்கை ரொபி ஆர் வைச்சதெண்டு நினைச்சியள்? வானத்திலையிருந்து மன்னா விழுந்ததோ?”

“தெரிஞ்சே விட்டனியோ?”

“சீனியும் கட்டுப்பாட்டுக்கு வந்து, சிரிச்சுக்கொண்டு வாறியள். நான் ஏன் குழப்புவான்? வியாழன் போய் விளையாடுங்கோ. ஆட்டம் முடியக் கூட்டம்.”

வியாழன் பொன்மலர் சொல்லிக் கூட்டிவந்த முழுச் சபையும் மைதானத்தில். நான் கொஞ்சம் தள்ளாடினால் போதும், போதகர் முதல் பாடகர் குழு வரை “ரொபி! ரொபி!” என்று கத்தினார்கள். சூப்பினேன், இறங்கினேன், வென்றோம்!

வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு வந்தால், போதகர் எழுந்து நின்றார்.

“முழங்கால் உரிய ஜெபிக்கிற மனுசன் எண்டு பொன்மலர் அம்மா சொன்னவா. இனி வருசம் முழுக்கக் கூட்டம் இந்தக் கிருபைரட்ணம் ஐயாவின்ரை வீட்டிலைதான். விளையாட்டுக்கு இடைஞ்சல் வேண்டாமெண்டு திங்களுக்கு மாத்தியிருக்கிறம். ஜெபமும் ஐயாதான் நடத்துவார்.”

நான் பொன்மலரைப் பார்த்தேன். அவள் பவ்வியமாக ஒரு பாயை விரித்தாள்.

“முழங்காலிலை நில்லுங்கோப்பா. தோல் உரியாது.”