கண்ணில் பட்ட மிளகாய்

“கையுறை எங்கே?”

மனைவி இப்படிக் கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் கத்தி இருந்தது. எதிரே பலகையில், தேள் கொடுக்கு மாதிரி நுனி வளைந்த சிவப்பு மிளகாய் ஒன்று ஐந்து துண்டுகளாகக் கிடந்தது. கையுறை மட்டும் இல்லை.

“கிழிஞ்சுபோச்சு. அஞ்சே அஞ்சு துண்டுதான் போட்டேன். மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிடறேன், போதுமா?”

“அந்தக் காரம் சோப்புக்கெல்லாம் போகாதுன்னு ஊருக்கே வகுப்பெடுக்கிறது நீங்கதானே? இன்னைக்கு அப்பாவுக்குப் பிரிவு உபசார விழா. அங்க உங்க மிளகாயால யாருக்காவது ஏதாவது ஆச்சு, நாளைக்குக் காலையில பால்கனியில ஒரு தொட்டி இருக்காது. சொல்லிட்டேன்.”

பால்கனியில் இருபத்திரண்டு தொட்டிகள் இருந்தன. அவற்றை அவள் இருபத்திரண்டு சக்களத்திகள் என்றுதான் சொல்வாள். உலகத்திலேயே கொடிய காரம் எது என்று தேடித் தேடி வளர்ப்பதும், பக்கத்தில் பால் டம்ளரை வைத்துக்கொண்டு கடித்துப் பார்ப்பதும் மெக்கானிக்கின் பொழுதுபோக்கு. அவரைப் போலவே புத்தி கெட்டவர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரு சட்டம் உண்டு. புதுச் செடியின் முதல் பழத்தை யாரும் தனியாக ருசி பார்க்கக் கூடாது. ஐந்தாகப் பங்கு போட்டு, ஒரே நேரத்தில் வாயில் போட்டு, ஒன்றாகத்தான் அலற வேண்டும்.

இந்தப் புது மிளகாய்க்கான அலறல் அன்று மாலை ஐந்து மணிக்கு. விழாவிலிருந்து நேராகப் போய்விடலாம் என்று துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் அடைத்து, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதுதான் அன்றைக்கு அவருக்கு முக்கியம்.

மாமனார் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். முப்பத்துநான்கு வருட வேலை. ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கடிகாரம்’. சிரித்தும் யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு எட்டு மாதம் படுத்துக் கிடந்தார். தினமும் விடிகாலை ஐந்து பத்துக்குக் கடிகாரம் வந்துவிடும். மருமகனைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, முகம் மழித்து, ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பிவிடும். ஒரு வார்த்தை பேசாது. மெக்கானிக்கும் இன்றுவரை ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன? இன்றைக்கு மேடையில் சொல்லியே தீருவது என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

பணிமனைக் கூடத்தில் முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் சிவப்பு மைதான். ஆனா என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, டியூட்டி முடிஞ்சதும் தினம் வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தது இவருதான். ஒரு வார்த்தை பேச மாட்டாரு. சும்மா உட்கார்ந்திருப்பாரு.”

மெக்கானிக்கின் கண் கலங்கியது. மூக்கு ஒழுகியது. அவருக்குப் பகீரென்றது. சற்று முன்னால்தான் தூசி விழுந்ததென்று இந்த விரலால் இந்தக் கண்ணைக் கசக்கியிருந்தார்!

மனைவியின் கைக்குட்டையைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டார். அவள் அதை வாங்கித் தன் முகத்தைத் துடைத்தாள். அடுத்த நிமிடம் அவள் கண்ணிலும் பொலபொலவென்று நீர்.

“அதைத் தொடாதே! மிளகாய்!” என்று காதில் கிசுகிசுத்தார்.

“அடப்பாவி மனுஷா!” என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

தண்ணீர் பட்டால் காரம் பரவும், பால்தான் மருந்து. மெக்கானிக் பக்கத்திலிருந்த கேன்டீனுக்கு ஓடினார். பையில் உறுத்திய டப்பாவை எடுத்து அங்கிருந்த சமையல் மேடையில் வைத்துவிட்டு, கேன்டீன் அக்காவிடம் ஒரு டம்ளர் பால் வாங்கிக் கண்ணெல்லாம் ஒற்றிக்கொண்டார். திரும்பி வந்தபோது கன்னம் இரண்டிலும் பால் வழிந்தது. பார்த்தவர்களுக்கு அது வேறு விதமாகப் பட்டது.

“மாப்பிள்ளை எப்படி அழறாரு பாருங்க!” என்று யாரோ சொல்ல, மேலாளர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து மேடை ஏற்றினார். போச்சு, அந்தக் கை! மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

மெக்கானிக் காகிதத்தைப் பிரித்தார். எழுத்து எதுவும் தெரியவில்லை.

“அஞ்சு பத்து,” என்றார். “எட்டு மாசம். தினம் அஞ்சு பத்துக்கு வந்தீங்க மாமா. ஒரு நாள்கூட அஞ்சு பதினொண்ணு ஆனதில்ல. உங்களாலதான் நான் இன்னைக்கு நிக்கிறேன். ரொம்ப நன்றி மாமா.”

அதற்கு மேல் குரல் வரவில்லை. காரம் தொண்டைக்கும் இறங்கிவிட்டது என்று நினைத்தார். மாமனார் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். முப்பத்துநான்கு வருடமாக அழாத கடிகாரம் குலுங்கிக் குலுங்கி அழுதது.

தோளுக்கு மேலே மெக்கானிக் கூடத்தைப் பார்த்தார். மேலாளர் மீசைக்காரரிடம் கை குலுக்கியிருந்தார், மீசைக்காரர் அழுதார். மீசைக்காரர் தட்டிக்கொடுத்த நடத்துநரும் அழுதார். கடைசி வரிசையில், யாரும் தொடாத தட்டச்சுக்கார அம்மா ஏன் விம்முகிறார் என்பதுதான் புரியவில்லை. தான் தொட்ட கதவுக் கைப்பிடியாக இருக்கும் என்று முடிவு செய்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

“மாப்ளே, என்னைப் பார்த்தா எல்லாரும் பயப்படுவாங்கன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். எனக்காக அழக்கூட ஆள் இருக்கு. இது போதும்பா எனக்கு. நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க.”

மெக்கானிக் கூனிக் குறுகிப்போனார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நன்றி சொன்னார், அதையும் மிளகாயை வைத்துக் கலப்படம் செய்துவிட்டார். உண்மையைச் சொன்னால் கிழவர் மனசு உடைந்துவிடும், சொல்லாவிட்டால் தன் மனசு அறுக்கும். மாமனாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதோடு சரி.

வெளியே மனைவி காத்திருந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

“அப்பா இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்ல. அதுக்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா பொய்யா அழவச்சதுக்கு நாளைக்குத் தொட்டி எல்லாம் போகுது. அந்த டப்பாவைக் கொடுங்க, முதல்ல அதைத் தலையைச் சுத்தி எறியறேன்.”

மெக்கானிக் பையைத் தடவினார். டப்பா இல்லை. அவருக்குக் கேன்டீன் நினைவுக்கு வந்தது. இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். டப்பா காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அக்கா! இதுல இருந்த மிளகாய் எங்கே?”

கேன்டீன் அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அது உங்களுதா தம்பி? விருந்துக்குத்தான் யாரோ கொண்டுவந்தாங்கன்னு நாலு துண்டைச் சாலட்ல போட்டுட்டேன். ஒரு துண்டை நானே தின்னேன், குடைமிளகாய் மாதிரி இனிக்குது, துளிகூடக் காரமே இல்லையே!”