ஜோடிப் பெட்டி

இடது ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் போட்டால் தவில் வீட்டை உலுக்கியது. வலது பெட்டியை மட்டும் போட்டாலும் உலுக்கியது. இரண்டையும் சேர்த்துப் போட்டால், யாரோ தகர டப்பாவை விரல் நுனியால் தட்டுவது போல் இருந்தது.

சீனிச்சாமி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டார். நாதஸ்வரம் வந்தது. தவில் வரவில்லை.

"ஒத்தை மாடு இழுத்த வண்டி, ரெண்டு மாடு பூட்டுனதும் நின்ன மாதிரியில்ல இருக்கு" என்றான் கன்னையன். சீனிச்சாமியின் ஏலத்தோட்டத்துக் கங்காணி அவன்.

"வாயை மூடிக்கிட்டுப் பெட்டியைத் தூக்கு."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்தப் பெட்டிகள் கூடத்தில் ஒரு மூலை விடாமல் சுற்றி வந்துகொண்டிருந்தன. தெற்கு பார்த்து வைத்தார்கள். கிழக்கு பார்த்து வைத்தார்கள். தரை சத்தத்தைக் குடிக்கிறது என்று கன்னையன் சொன்னதைக் கேட்டு, ஏலக்காய் மூட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். வீடு மணத்தது. சத்தம் முன்னைவிடக் குறைந்தது.

சீனிச்சாமியின் மனைவி சுருளியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு நல்லாத்தானே அடிக்குது. ஒண்ணைக் கழட்டி உள்ள வச்சுட்டா என்னவாம்?"

"ஒத்தைப் பெட்டியை வச்சுக்கிட்டு நான் சம்பந்தம் பேச உக்காரணுமா?"

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அந்த வீட்டின் முறை அவளுக்குத் தெரியும். சீனிச்சாமியின் தகப்பனார் காலத்திலிருந்து அங்கே எதையும் ஒற்றையாக வாங்கியதில்லை. குத்துவிளக்கு இரண்டு, தாம்பாளம் இரண்டு, வாசலில் வாழை இரண்டு. அதனால்தான் மதுரையிலிருந்து ஸ்பீக்கர் வாங்கியபோதும் ஆளுயரப் பேஸ் பெட்டியாக இரண்டு வாங்கினார். போடி ஊர் முழுக்க அதுவரை எந்த வீட்டிலும் அப்படி ஒரு ஜோடி கிடையாது. வந்த முதல் வாரம் இரண்டும் சேர்ந்து அடித்ததில் பக்கத்துத் தெருவில் ஜன்னல் கதவு ஆடியது என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். சொன்னவர்களுக்கெல்லாம் அவர் காபி கொடுத்தார்.

கடைசி மகள் அன்னக்கொடிக்கு இருபத்து நாலு வயது. மூன்று சம்பந்தங்கள் வாசல்படி வரை வந்து தட்டிப்போயிருந்தன. நான்காவதும் போனால் கடைவீதியில் எந்த முகத்தோடு நடப்பது என்று அவர் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், புதன்கிழமை, ஏலக்காய் விற்கப் போன கன்னையன் ஒரு சேதியோடு திரும்பினான்.

"தேவாரம் ஊரு ராஜாராம் ஐயா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாகளாம், மொதலாளி. ரெண்டு பெட்டியும் சேந்து அடிச்சா தெருவே அதிருதாமேன்னு விசாரிச்சாக."

"வேற என்ன கேட்டாரு?"

"நீங்க வீட்டுல இருப்பீகளான்னு கேட்டாக."

"பொண்ணைப் பத்தி?"

"அதை எப்படி மொதலாளி கடைவீதியில வச்சுக் கேப்பாக?"

சீனிச்சாமிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ராஜாராமுக்கு நூறு ஏக்கர் தோப்பு; பட்டம் படித்த மகன் கல்யாணத்துக்கு நிற்கிறான். அப்படிப்பட்டவர் பெண் இருக்கிற வீட்டுக்கு வேறு எதற்கு வரப்போகிறார்? எதற்கு வருகிறீர்கள் என்று பெண் வீட்டார் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் சீனிச்சாமி குடும்பத்தில் இல்லை. பெட்டியைப் பற்றி விசாரித்ததையும் அவர் சரியாகவே புரிந்துகொண்டார். இந்த வீட்டின் கனத்தை அளந்து பார்க்கிறார்கள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். பெட்டிகளுக்குப் பின்னால் ஓடிய ஒயரில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நல்ல காரியத்துக்கு ஆள் வருகிற வீட்டில் கறுப்பு எதற்கு என்று கன்னையனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சிவப்பு ஒயராகவே போடவைத்தார். அதன் பிறகுதான் தவில் செத்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் ரேடியோ கடை பெத்துராஜுக்கு ஆள் அனுப்பினார். பெத்துராஜ் வந்து பெட்டிகளின் பின்பக்கம் குனிந்து பார்த்தான்.

"கறுப்பு ஒயரு எங்கய்யா?"

"நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"எதுக்கு?"

"என் வீட்டு ஒயரு, என் இஷ்டம். நீ சோலியைப் பாரு."

பெத்துராஜ் டார்ச்லைட் பேட்டரி ஒன்றை எடுத்து ஒயர் நுனிகளில் தொட்டான். ஒரு பெட்டியில் ஸ்பீக்கர் காகிதம் முன்னால் துள்ளியது. மற்றதில் பின்னால் ஒடுங்கியது.

"பாத்தீகளா? இது காத்தை முன்னால தள்ளுது. அது அதே நேரத்துல உள்ள இழுக்குது. இது குடுக்கக் குடுக்க அது வாங்கி முழுங்கிக்கிட்டா நம்ம காதுக்கு என்ன மிஞ்சும்? ஒயரு ரெண்டும் ஒரே நிறமாப் போனதும் ஒரு பெட்டிக்கு மட்டும் தலைகீழா மாட்டிட்டாக."

அவன் ஒரு பெட்டியின் ஒயர்களை மட்டும் இடம் மாற்றினான். நாதஸ்வர கேசட்டைப் போட்டான். தவிலின் முதல் அடியில் அலமாரிச் சொம்பு நகர்ந்து விழுந்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பு விட்டத்திலிருந்து சீனிச்சாமியின் தோளில் உதிர்ந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"இனிமே யாரும் தொட வேணாம்யா. நாளைக்கு நான் ராசிங்காபுரத்துல ஒரு கல்யாணத்துல இருப்பேன். கூப்பிட்டாலும் வர முடியாது" என்று சொல்லிவிட்டுப் பெத்துராஜ் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, சீனிச்சாமி கூடத்தை ஒரு முறை சுற்றிவந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் மட்டும், அடையாளத்துக்காகப் பெத்துராஜ் ஒயர் நுனிகளில் கறுப்பு டேப்பை நகக்கண் அளவுக்குச் சுற்றிவிட்டுப் போயிருந்தான்.

அதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, ஒவ்வொன்றாக உரித்தார். வலது பெட்டியில் டேப்போடு சேர்ந்து ஒயர்கள் இரண்டும் பிடுங்கிக்கொண்டு கையில் வந்தன. வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எது எந்த ஓட்டையில் இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. இருப்பது இரண்டு ஓட்டை, இதில் என்ன தப்பாகிவிடப் போகிறது என்று செருகிவிட்டு நிமிர்ந்தார்.

ராஜாராமும் அவர் தம்பியும், கூட இரண்டு விவசாயிகளும் உள்ளே வந்தார்கள். சீனிச்சாமி கைகூப்பி வரவேற்று ஜமுக்காளத்தில் உட்காரவைத்தார்.

சுருளியம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டாள். "பொம்பளையாளுக ஒருத்தியக்கூடக் காணோமே. பூ, பழம் ஒண்ணும் கொண்டாரலையே."

"மொதத் தடவை ஆம்பளைகதான் வந்து வீட்டைப் பாப்பாக. நீ காபியைக் குடுத்தனுப்பு."

அன்னக்கொடி பட்டுச் சேலையில் காபி கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்களில் ஒருவரும் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. நால்வர் கண்ணும் பெட்டிகள் மேலேயே இருந்தன. கண்ணியமான குடும்பம் என்று சீனிச்சாமி நினைத்துக்கொண்டார்.

"ஒரு விசயம் கேக்கணும்னு வந்தோம். கேக்கத்தான் கூச்சமா இருக்கு" என்றார் ராஜாராம்.

"நமக்குள்ள என்ன கூச்சம்? உரிமையோட கேளுங்க."

"மொதல்ல பெட்டியைக் கேட்டுருவோம். அப்புறம் பேச்சை எடுப்போம்."

சீனிச்சாமி எழுந்தார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, குமிழைத் திருப்பினார்.

நாதஸ்வரம் வந்தது. தகர டப்பா தட்டும் சத்தம் வந்தது.

ராஜாராமின் தம்பி காதைச் சாய்த்தார். "ஆரம்பமாயிருச்சா?"

"இப்பக் கூட்டுறேன்" என்று சீனிச்சாமி குமிழை இன்னும் திருப்பினார். நாதஸ்வரம் ஆட்டுக்குட்டி போல வீறிட்டது. தவில் மட்டும் எழவில்லை. அவர் காதோரம் வியர்வை இறங்கியது.

"ஒண்ணை அமத்துங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சுருளியம்மாளின் கெஞ்சல் கேட்டது.

அவர் அமர்த்தவில்லை. நாலு பேர் முன்னால் ஜோடியில் ஒன்று ஊமை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. குமிழை முடிகிறவரை திருப்பினார்.

ராஜாராம் எழுந்துபோய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பா நெனைக்காதீக" என்றார் ராஜாராம். "எங்களுக்கு இது தோதுப்படாது."

"ரெண்டு நாள் பொறுத்து வந்து பாக்கலாமே. ஒரு சின்னக் கோளாறு, அவ்வளவுதான்."

"பொறுக்கிற நெலமையில நாங்க இல்லைங்க. இந்த வாரத்துக்குள்ள ஏதாவது பண்ணியாகணும். வேற இடம் பாத்துக்கிறோம்."

அவர்கள் கைகூப்பிவிட்டு இறங்கித் தெருமுனை வெற்றிலைக் கடைப் பக்கம் நடந்தார்கள். ஆறிப்போன காபி நாலு டம்ளரிலும் அப்படியே இருந்தது.

அன்னக்கொடி வந்து டம்ளர்களை எடுத்தாள். ஒன்றைத் தூக்கி வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"சீனி கூடிப்போச்சாப்பா?"

சீனிச்சாமி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். மூன்று சம்பந்தம் போனதற்கு ஜாதகம், தூரம், ஊரார் மூட்டிய கோள் என்று காரணம் சொல்ல முடிந்தது. நான்காவதைக் கெடுத்தது தன் பத்து விரல் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது? அவர் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவர் முதுகு வளைந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சுருளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பு, ஒரு வாளி தண்ணி குடுங்க. ஜீப்பு சூடாக் கெடக்கு."

வாசலில் ராஜாராமின் ஜீப் டிரைவர் ஒச்சப்பன் சீனிச்சாமியைக் கூப்பிட்டபடி நின்றான். ஏவலுக்கு ஆள் கூப்பிடாமல் சீனிச்சாமியே எழுந்துபோய்த் தொட்டியில் மொண்டு கொண்டுவந்தார். வாளியை அவன் கையில் கொடுத்தவர் விடவில்லை. பெண்ணைப் பெற்றவர் கேட்கக்கூடாத கேள்வி அது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா, ஒங்க மொதலாளிக்கு எங்க பொண்ணைப் பிடிக்கலையா?"

"பொண்ணா?" ஒச்சப்பன் வாளியைக் கீழே வைத்தான். "தோப்புல தெனமும் யானை எறங்குதுன்னு, அதை வெரட்ட ஒங்க ரெண்டு பெட்டியையும் இரவல் கேக்கத்தான் அப்பு வந்தோம், இந்தச் சத்தத்துக்கு அது பக்கத்துல வந்து படுத்துக்கிரும்னு பயந்து திரும்பிட்டாக."