பிணவறை அலங்காரம்

"தம்பி, என்ர மண்டபத்தில சவப்பெட்டியும் வாடகைக்கு இருக்கோ எண்டு பொம்பிளை வீட்டார் கேக்கினம்!"

பொன்னம்பலத்தார் தொலைபேசியில் போட்ட சத்தம் அலுவலகம் முழுவதும் கேட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் அவர். வீட்டிலிருந்தபடியே மண்டபத்தைப் பதிவு செய்யும் செயலியை, காலி வீதி என்ற பெருந்தெருவில் புடவைக்கடைக்கு மேலே இயங்கும் இந்த நிறுவனம்தான் செய்து கொடுத்திருந்தது. இன்று காலை அதில் 'மணவறை அலங்காரம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'பிணவறை அலங்காரம்' என்றிருந்தது. பக்கத்தில் மல்லிகைப் பூவின் படம் வேறு.

முதலாளி நமசிவாயம் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலைமைப் பொறியியலாளன் சயந்தனைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வருகினமாம். அதுக்குள்ள மாத்தாட்டி வேற கொம்பனிக்குப் போறாராம்."

"ஒரு எழுத்துத்தானே சேர். அஞ்சு நிமிச வேலை."

சயந்தன் காதில் ஹெட்செட்டை மாட்டினான். "முடியுமட்டும் ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது" என்று பொதுவாக அறிவித்தான். பெரிய மூளைகளுக்கு அமைதி தேவை என்பது அவனுடைய கொள்கை.

எழுத்தை மாற்றுவதற்கு முன், மூல எழுத்திலிருந்து செயலியை ஒருமுறை கட்டி, அதாவது பில்ட் செய்து பார்ப்போம் என்று நினைத்தான். மூன்று வருடமாக அதை யாரும் பில்ட் செய்திருக்கவில்லை. பொத்தானைத் தட்டினான். படம் காட்டும் லைப்ரரியைக் காணவில்லை என்றது கணினி.

பதினொரு மணிக்குப் பொன்னம்பலத்தார் மறுபடி தொலைபேசியில் அழைத்தார். அவர் வாயைத் திறக்குமுன் நமசிவாயம் முந்திக்கொண்டார்.

"ஐயா, பொடியன் வேலையில நிக்கிறான். ஒரு லைப்ரரியைத்தான் காணேல்லையாம்."

"கல்யாண மண்டபத்துக்கு என்னத்துக்கு லைப்ரரி?"

"அது புத்தகம் இல்லை ஐயா. வேற ஆக்கள் எழுதி இன்டர்நெட்டில போட்டு வைச்சதை நாங்கள் எடுத்துப் பாவிக்கிறது."

"அப்ப நீங்கள் என்னத்தை எழுதினியள்?"

நமசிவாயம் மெல்லத் தொலைபேசியை வைத்தார்.

அதற்குள் சயந்தன் படம் காட்டும் லைப்ரரியின் புதிய பதிப்பைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தான். அது பழைய வரைபட லைப்ரரியோடு ஒத்துப்போகவில்லை. வரைபடத்தையும் புதுப்பித்தான். அது பில்ட் செய்யும் கருவியையே புதிதாக்கச் சொன்னது. ஆக்கினான். ஒரு பிழை நாற்பத்தேழு பிழைகளாயிற்று.

"முன்னேற்றம் இருக்கோ?" என்றார் நமசிவாயம்.

"இருக்கு சேர். இப்ப எல்லாப் பிரச்சினையும் ஒரே இடத்தில தெரியுது."

மத்தியானம், முன்பு கணினியில் இறக்கி வைத்திருந்த லைப்ரரிகள்தான் குழப்புகின்றன என்று முடிவு செய்து, அந்த ஃபோல்டரை முழுதாக அழித்தான். எல்லாம் திரும்ப இறங்கத் தொடங்கின. அலுவலக இன்டர்நெட் படுத்துவிட்டது. லண்டன்காரர் ஒருவரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்த நமசிவாயம், வாய் பாதி திறந்தபடி லண்டன்காரரின் திரையில் உறைந்துபோனார்.

இரண்டு மணிக்கு முப்பது லைப்ரரிகள் வந்து சேர்ந்தன. காலண்டர் லைப்ரரி மட்டும் வரவில்லை. செயலியை முதலில் எழுதிய தனுஷன் இப்போது மெல்பேர்னில் இருந்தான். சயந்தன் அவனை அழைத்தான்.

"மச்சான், அந்தக் காலண்டர் லைப்ரரி எங்க?"

"அது நானே எழுதினதடா. போன கிழமை பழசுகளைத் துப்பரவாக்கேக்க இன்டர்நெட்டில இருந்து அழிச்சுப்போட்டன்."

"ஐயோ! வேற கொப்பி?"

"பயப்பிடாத. உங்கட ஒஃபிஸ் கொம்பியூட்டரில ஒண்டு இறங்கிக் கிடக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் அழிச்சுப் போடாத."

சயந்தன் நன்றி சொல்லி வைத்தான். அந்த ஃபோல்டரை மத்தியானமே அழித்தாயிற்று. பிறகு ஒரு பொறியியலாளன் எடுக்கக்கூடிய துணிச்சலான முடிவை எடுத்தான். காலண்டரையே செயலியிலிருந்து வெட்டி எறிந்தான்.

மூன்றரைக்குப் பில்ட் வெற்றி. செயலியைத் தன் போனில் திறந்தான். 'மணவறை அலங்காரம்' என்றிருந்தது. எழுத்தை எப்போது மாற்றினோம் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. நாற்பத்தேழு பிழைகளுக்கு நடுவில் எங்கேயோ மாற்றியிருப்போம் என்று தன் திறமையை நம்பிப் பொன்னம்பலத்தாரின் போனுக்கு நேரே அனுப்பிவைத்தான். நமசிவாயம் அவன் தோளில் தட்டி, இந்த நாட்டுக்கு இப்படி மூளைகள்தான் வேணும் என்றார்.

நாலு மணி கழிந்து பத்து நிமிடத்தில் பொன்னம்பலத்தார் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

"காலண்டர் எங்கயடாப்பா? மாப்பிள்ளை வீட்டார் நாள் பாக்க நிக்கினம். திகதி போடுற இடத்தில வெறும் வெள்ளை!"

"அது கிடக்கட்டும் ஐயா. பிணவறையைப் பாருங்கோ, மாத்தியாச்சு!"

"அது காலமையே மாறிட்டுதே. நன்றி சொல்லத்தான் பதினொரு மணிக்கு எடுத்தனான். உவர் எங்க கதைக்க விட்டவர்?" என்று நமசிவாயத்தைக் கையால் காட்டினார்.

சயந்தன் நமசிவாயத்தைப் பார்த்தான். நமசிவாயம் சயந்தனைப் பார்த்தார்.

"காலமையோ? ஆர் மாத்தினது?" என்றார் நமசிவாயம்.

மூலை மேசையில், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து தட்டச்சு வேலை பார்க்கும் நிரோஷா, கைப்பையைத் தோளில் மாட்டியபடி எழுந்தாள்.

"நான்தாண்ணே. அந்தச் சொல்லு ஆப்புலயே இல்ல, நம்ம வெப்சைட்டுல இருந்துதான் வருது. நேத்து தப்பா டைப் பண்ணினதும் நான்தான், ஐயா போன வச்ச ஒடனேயே திருத்திட்டேன்."