மூச்சு வாங்கும் ஷெட்

வெர்னன் ஹௌகனின் மூச்சுக்குக் கடையில் முப்பத்தொன்பது டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பேட்டரி தனி. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை டப்பா. கார்பன் மோனாக்சைடு என்கிற அந்த விஷக்காற்று வந்தால் கத்தும்.

"இதைவிட மலிவா ஒண்ணும் இல்லையா?" என்று வெர்னன் கேட்டுப் பார்த்தார்.

"இருக்கு. அது கத்தாது" என்றாள் கடைக்காரப் பெண்.

வாங்கிவிட்டார். அந்த டப்பாதான் இப்போது அவருடைய கார் ஷெட்டுக்குள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. வெர்னன் வெளியே, முழங்கால் பனியில், ஒரு கையில் பசைத் தூரிகையும் மறு கையில் நெஞ்சுமாக நின்றிருந்தார்.

ஷெட் வீட்டை ஒட்டியது அல்ல. தோட்டத்தின் கோடியில், பின்பக்கச் சந்தின் ஓரமாகத் தனியாக நிற்பது. அதில் கார் நிறுத்தி மூன்று குளிர்காலம் ஆகிறது. உள்ளே இருப்பது ஒரு படகு. தேவதாருப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி, பாதி முடித்த துடுப்புப் படகு. வசந்தத்தில் ஏரி உருகியதும் மனைவி ஆர்டிஸை முன்னால் உட்காரவைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவதாகக் கல்யாணமான புதிதில் சொன்ன வாக்கு. ஆர்டிஸுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. பசையோ, குளிர்ந்தால் இறுகாது என்று அடம்பிடிக்கும் ஜாதி. அதனால்தான் பழைய சாமான் விற்கிறவனிடம் ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி, உத்தரத்தில் தொங்கவிட்டு, துணி உலர்த்தும் இயந்திரத்தின் மெல்லிய தகட்டுக் குழாயைப் புகைபோக்கியாக மாட்டிச் சுவர் வழியாக வெளியே விட்டிருந்தார். வாங்கிய விலையைவிட மாட்டிய செலவு குறைவு என்பதில் அவருக்கு ரகசியப் பெருமை.

பெருமை முதல் நாளே கத்திவிட்டது.

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் ப்ரூன் எட்டிப் பார்த்தார். இருபது வருஷப் பக்கத்து வீட்டுக்காரர். கூப்பிடாமல் யார் வாசற்படியையும் மிதிக்காத மனிதர்.

"எப்படிப் போகுது, வெர்னன்?"

"பரவாயில்லை" என்றார் வெர்னன், மூச்சு வாங்க.

அந்த ஊரில் கூரை எரிந்தாலும் பரவாயில்லைதான். டெல்மர் வேலியில் சாய்ந்து, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயை வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்தது.

"குழாய்... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார்.

அந்தப் பக்கத்து மனிதர்கள் ஒன்றை வித்தியாசம் என்று சொன்னால், அதற்குமேல் வசவு பாஷையிலேயே கிடையாது.

ஆர்டிஸ் கம்பளிப் போர்வையோடு ஓடி வந்தாள். "போன ஜனவரியில ஏரி மேல குடில் போட்டு மீன் பிடிச்சவங்க ரெண்டு பேர் என்ன ஆனாங்கன்னு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பனிக்கட்டியில் துளை போட்டு, குடிலுக்குள் ஹீட்டரை வைத்துக்கொண்டு சீட்டாடிய இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார்கள். கதவை உடைத்தபோதும் சீட்டு கையில் இருந்ததாம். ஒருவன் கையில் ஜெயிக்கிற சீட்டு.

"வாசனை கிடையாது, நிறம் கிடையாது" என்றாள் ஆர்டிஸ். "தூக்கம் வர்ற மாதிரி வருமாம். அவ்வளவுதானாம்."

அன்றிலிருந்து வெர்னனுக்குக் கொட்டாவி வந்தாலே குலை நடுங்கியது.

தகட்டுக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். இரட்டைச் சுவர் வைத்த கெட்டிக் குழாய் வாங்கினார். மரம் எதுவும் பக்கத்தில் படாமல், கூரையைத் துளைத்து, நேரே மேலே ஏற்றி, உச்சியில் தொப்பி வைத்தார். இரண்டு நாள் வேலை. பழைய சாமானில் மிச்சம் பிடித்ததெல்லாம் புதுச் சாமானில் போயிற்று.

மறுநாள் காலை ஹீட்டரைப் போட்டு, படகின் வயிற்றில் இரண்டு பட்டை ஒட்டியிருப்பார். டப்பா கத்தியது.

வெர்னன் பசையும் கையுமாக வெளியே பாய்ந்தார். பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தார். சிவந்திருந்தது. விஷம் ஏறினால் கன்னம் சிவக்கும் என்று எங்கேயோ படித்திருந்தார். பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில் எல்லாக் கன்னமும் சிவக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் வேலியோரம் டெல்மர் தொண்டையைக் கனைத்தார். "சொல்றதுக்கு நான் யாரு. ஆனா நெருப்பும் மூச்சு விடணும்ல? எல்லாத்தையும் இறுக்கி மூடினா, வெளிய போன புகையையே உள்ள இழுக்கும்."

"அட, சரிதான்."

"சுவத்துல ஒரு ஓட்டை போட்டா நல்ல காத்து வரும். சும்மா ஒரு யோசனை. நீ எப்படியும் யோசிச்சிருப்ப."

வெர்னன் யோசித்திருக்கவில்லை. பின்சந்துப் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், தட்டு அகல ஓட்டை ஒன்று போட்டு, எலி வராமல் கம்பி வலை அடித்தார்.

அடுத்த காலை டப்பா இன்னும் சீக்கிரம் கத்தியது.

காற்று போதவில்லை என்று முடிவு கட்டினார். ஓட்டையில் ஒரு ஃபேன் பொருத்தி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கவிட்டார். அதற்கடுத்த நாள், அவர் பசை டப்பாவைத் திறப்பதற்குள் அது கத்திற்று. அத்தனை ஆவேசம். பிரசவ வார்டு தோற்றது.

ஆர்டிஸ் இடுப்பில் கை வைத்தாள். "போதும் வெர்னன். படகும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். எனக்குக் கரையிலயே உட்கார்ந்து பழக்கம்."

"இன்னும் எட்டே பட்டைதான்."

"உன்னைப் பெட்டியில வெச்சு மூட ஆறு பலகை போதும்."

கடைசியில் ஒரு சமரசம். வெர்னன் இடுப்பில் துணி உலர்த்தும் கயிற்றைக் கட்டிக்கொள்வார். மறுமுனை சமையலறையில் ஆர்டிஸ் கையில். அவ்வப்போது அவர் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். உயிரோடு இருப்பதாக அர்த்தம். சுண்டாவிட்டால் அவள் இழுப்பாள்.

அன்று படகின் மூக்குக்குக் கடைசிப் பட்டையை ஒட்டும் மும்முரத்தில் வெர்னன் சுண்ட மறந்தார். ஆர்டிஸ் மறக்கவில்லை. அவள் பண்ணை வீட்டில் மாடு இழுத்து வளர்ந்தவள். வெர்னன் பசை டப்பா, தூரிகை, ஸ்டூல் சகிதம் கதவு வரை வந்து சேர்ந்தார். கால்சட்டை ஸ்டூலோடு ஒட்டிக்கொண்டது.

"உயிரோட இருக்கியா?" என்று தோட்டத்தைத் தாண்டிக் கத்தினாள்.

"இவ்வளவு நேரம் இருந்தேன்!"

வேறு வழியில்லாமல் கேஸ்காரியைக் கூப்பிட்டார்கள். ரோண்டா லின்ட், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் வந்தாள். ஒரு கருவியை நீட்டிக்கொண்டு ஷெட் முழுக்க நடந்தாள். ஹீட்டரை ஒரு மணி நேரம் எரியவிட்டாள். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினாள். கூரையேறித் தொப்பியைப் பார்த்தாள்.

"பூஜ்யம்" என்றாள்.

"என்ன பூஜ்யம்?"

"விஷக்காத்து பூஜ்யம். கேஸ் கசிவு பூஜ்யம். இந்தக் குழாய யார் போட்டது?"

"நான்தான்" என்றார் வெர்னன், தூக்குத் தண்டனைக் கைதி போல.

"மோசமில்லை."

வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ரோண்டா தலையைச் சொறிந்தாள். "டப்பாவும் சரியாத்தான் இருக்கு. எது எரிஞ்சாலும் இந்தக் காத்து வரும், தெரியுமில்ல? அடுப்பு, எஞ்சின், எதுவானாலும். உள்ள காரை ஸ்டார்ட் பண்றீங்களா?"

"கார் வாசல்ல தெருவுல நிக்குது. சந்துப் பக்கக் கதவ நவம்பர்லேருந்து திறக்கவே முடியல, பனி மேடு."

"அப்ப எனக்குத் தெரியல" என்றாள். பில்லை நீட்டும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனால் நீட்டினாள்.

அந்த 'தெரியல' வெர்னனை உலுக்கிவிட்டது. தெரிந்த எமனோடு பேரம் பேசலாம். தெரியாத எமனிடம் என்ன விலை கேட்பது?

மறுநாள் காலை வெர்னன் கடைசிச் சோதனைக்கு இறங்கினார். ஹீட்டரை அணைத்தார். கேஸ் குழாயின் திருகை இறுக மூடினார். இரண்டு கோட்டும் காதுமூடித் தொப்பியும் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நல்ல காற்றாவது வரட்டும் என்று ஃபேனை மட்டும் ஓடவிட்டு, டப்பாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்கு பசை நெடியில் எப்போதோ செத்திருந்தது, காதை நம்பினார். ஃபேன் சுற்றும் சத்தம். அதற்கு அப்பால், காலை வேளைகளில் ஊரே வண்டியைச் சூடாக்கும் உறுமல். வேறொன்றும் இல்லை. எரிய எதுவும் இல்லை. படகு சவப்பெட்டியின் சாயலில் குப்புறக் கிடந்தது.

வெர்னனுக்குக் கொட்டாவி வந்தது. அதை விழுங்கினார். நெற்றிப்பொட்டில் வலி தட்டியது. பயமா, விஷமா? ஃபேனுக்கு இன்னும் கிட்டப் போய், நல்ல காற்றை நெஞ்சு நிறைய இழுத்தார். வலி கூடியது. இன்னும் ஆழமாக இழுத்தார். ஷெட் மெல்லச் சாய்ந்தது.

டப்பா அலறியது.

எரியாத அடுப்பு புகைகிறது! வெர்னன் அலறியபடி கதவைத் தள்ளினார். கயிறு காலில் சுற்றிக்கொண்டது. அதே நேரம் சமையலறையில் ஆர்டிஸ் ஒரே இழுப்பாக இழுத்தாள். தோட்டத்துப் பனியில் முகம் பதிய விழுந்து, ஏதோ சரக்கு மூட்டை மாதிரி வீட்டை நோக்கி நகர்ந்தார். குளிர்ந்த காற்று நெஞ்சில் ஏற ஏற, உயிர் தவணை முறையில் திரும்பி வந்தது.

அவள் வந்து சேர்வதற்குள் டெல்மர் வந்துவிட்டிருந்தார். வேலியைத் தாண்டிக் குதித்து, போர்வையை விரித்து, வெர்னனைப் புரட்டிப் போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து சுடச்சுடக் காப்பியை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதில் அப்படியொரு வேகம்.

"ஹீட்டர் எரியவே இல்ல, டெல்மர்" என்று வெர்னன் பல் தந்தியடிக்க முனகினார். "எரியாமலே கொல்லுது. அந்தப் படகைக் கோடாலியால பிளந்து அடுப்புல போடு. எனக்கு வேண்டாம்."

ஆர்டிஸ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் வேண்டாம் என்றவள், அதைக் கேட்டதும் அழுதாள். "நான் முன்னால உட்கார மெத்தைகூடத் தச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் டெல்மரை ஏற இறங்கப் பார்த்தாள். காலை நேரம், குளிருக்குப் பூட்ஸ், கையில் போர்வை, ஃபிளாஸ்க்.

"கயிறு பிடிச்சிருந்த எனக்கே இவ்வளவு நேரம் ஆச்சு. நீங்க எப்படி இத்தனை சீக்கிரம் வந்தீங்க, டெல்மர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு."

"சொல்லுங்க."

"பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல."

"டெல்மர்!"

டெல்மர் தொப்பியைக் கழற்றி, பெண் பார்க்க வந்த பையன் மாதிரி அதன் விளிம்பைத் திருகினார். "கதவத் தட்டித் தொந்தரவு பண்ண வேணாமேன்னு பார்த்தேன் ஆர்டிஸ், அந்தத் தகட்டுக் குழாயப் பார்த்த மறுநாள்லேருந்து தினம் காலையில பின்சந்துல என் வண்டியில உட்கார்ந்து இவனுக்குக் காவல் இருக்கேன், டப்பா கத்தக் கத்த பயந்துபோய் வண்டிய இன்னும் கொஞ்சம் ஃபேனோட ஒட்டி நிறுத்தினேன், இந்தக் குளிர்ல எஞ்சினை ஒரு நிமிஷம்கூட அணைக்கல — மூணு டேங்க் பெட்ரோல் ஆச்சு, அதெல்லாம் வேணாம், ஒரு வேளைச் சாப்பாடு போட்டீங்கன்னா கணக்கு நேர்."