பாங்காக்குக்காக வந்த முட்டி வலி

இந்த ஒரு தடவையாவது விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் நானும் என் மனைவியும் சேர்ந்து வெளிநாடு போனதில்லை. ஒரு வருஷம் அவளுடைய தையல் கடையில் அவசர வேலை வரும், மறு வருஷம் எனக்கு வரும். நான் பொய்ப்பல் செய்கிறவன். ஊரில் யாருக்காவது பல் விழுந்தால் கூடவே என் லீவும் விழுந்துவிடும். இந்த வருஷம்தான் இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு அமைந்தது.

எனக்குப் பாங்காக். அவளுக்குக் கொரியாவில் இருக்கும் சோல்.

பாங்காக் பெயரிலேயே பாங்காக இருக்கிறது. ஆற்றில் படகு விடுகிறார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊரே நம்மைத் தேடி வரும். சோலில் மலை. அதுவும் ஊருக்குள்ளேயே. மலைமேல் பழைய கோட்டைச் சுவர் ஓடுகிறது, அதன் ஓரமாக மணிக்கணக்கில் நடக்கலாம் என்று படம் காட்டினாள். படத்தில் இருந்த படிகளை எண்ணிப் பார்த்தேன். படம் முடிந்தது, படி முடியவில்லை.

"சோலுக்குப் போனா செருப்பு சோல்தான் தேயும்," என்றேன்.

"தேயட்டும். கூடவே உங்க தொப்பையும் தேஞ்சா நல்லதுதானே."

நாள் முழுக்கக் கத்தரிக்கோலோடு பழகுகிறவள். பேச்சிலும் அளவெடுத்துத்தான் வெட்டுவாள். நேருக்கு நேர் பேசி அவளை ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வரும்போதே வாசலில் நொண்ட ஆரம்பித்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"முட்டி. காலையிலேருந்து ஒரே குத்தல்."

"எந்த முட்டி?"

"வலது." இதை பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அவள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் சோபாவில் உட்காரவைத்தாள். காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். வெந்நீர்ப் பை வந்தது. அவள் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு மலை ஏற முடியுமான்னுதான் பாக்கறேன்," என்று இழுத்தேன்.

"எப்படிங்க முடியும்? மொதல்ல முட்டி சரியாகட்டும். ஊர் எங்கயும் ஓடிடாது."

பாதி பாங்காக் வந்துவிட்ட மாதிரி இருந்தது. படகுச் சத்தம்கூடக் காதில் கேட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேட்டது அழைப்பு மணிச் சத்தம். நாலாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, தரைத்தளத்தில் குடியிருக்கும் பிசியோதெரபிஸ்ட் அக்கா வந்திருந்தார். விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது அவர் தொழில். விழாதவனையும் விடுவதாக இல்லை. என் முட்டியை மடக்கினார், நீட்டினார், காய் வாங்குகிறவர் மாதிரி அங்கங்கே அமுக்கிப் பார்த்தார்.

"எலும்பில ஒண்ணுமில்ல. உக்காந்தே வேலை பாத்து தசை ஓய்ஞ்சு போயிருக்கு. இனிமே லிப்ட் கூடாது. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை, நாலு மாடியும் ஏறி இறங்கட்டும்."

"வலிக்குமே, அக்கா."

"வலிக்கட்டும். அப்பதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

முதல் நாள் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மேலே கைப்பிடியில் சாய்ந்தபடி என் மனைவி கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் சரணடைந்தேன். "வலி சுத்தமா போயிடுச்சு."

"பாத்தீங்களா, பயிற்சி எப்படி வேலை செய்யுது. இப்ப நிறுத்தினா திரும்பி வந்துடும்."

இரண்டு நாள் கழித்து, "திரும்பி வந்துடுச்சு," என்றேன்.

"அப்ப காலையில இன்னொரு தடவை சேத்துக்கங்க."

வலித்தாலும் மாடி, வலிக்காவிட்டாலும் மாடி. உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம் என்றால், பல்லில் மட்டும் இருந்த பொய் வாய் முழுக்க இருக்கிறது என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது வாரத்திலிருந்து அப்படித்தான் ஏற முடிந்தது. அதற்கு முன்னால் வாயைத் திறந்தால்தான் மூச்சே வந்தது.

ஆறு வாரம் ஓடியது. என் பேன்ட்டுகளை இடுப்பில் இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, அவளிடம் பேசிக்கொண்டே நாலு மாடியும் ஏறிவிட்டேன். கதவருகே வந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். இரண்டு பேருக்கும் விமான டிக்கெட். சோல்.

"என்னைக் கேக்காமலே எடுத்துட்டியா?"

"கேட்டா பாங்காக்னு சொல்வீங்க."

மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். ஆறு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை.

"இது நான் நொண்டின அன்னைக்கு எடுத்ததா?"

"அன்னைக்குக் காலையில," என்றாள், காய்கறியைப் பிரித்து வைத்துக்கொண்டே. "எடுத்த பிறகுதான் பயம் வந்துச்சு. நாலு படி ஏறினா நாய் மாதிரி இளைக்கிற மனுஷனை என்ன சொல்லித் தினமும் மாடி ஏறவைக்கிறதுன்னு நாள் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டேன். சாயங்காலம் நீங்களே நொண்டிக்கிட்டு வந்து நின்னீங்க."