டேங்கர் அக்கா சொல்லும்வரை இடது பக்கம் திரும்பாதே

கும்மிடிப்பூண்டியிலிருந்து செவ்வாப்பேட்டை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், டேங்கர் அக்காவிடம் வாய்ச் சண்டையில் ஜெயித்த ஒரு ஆளை உங்களால் காட்ட முடியாது. காரணம் ரொம்பச் சாதாரணம். நாம் வெளியே வெயிலில் நின்று கத்துவோம். அக்கா தண்ணீர் லாரியின் டேங்குக்குள் உட்கார்ந்து பதில் சொல்வார். நாம் ஒரு தடவை சொன்னது ஒரு தடவைதான் கேட்கும். அவர் சொன்னது நாலு தடவை எதிரொலிக்கும்.

கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அக்காவின் வெல்டிங் பட்டறை. தண்ணீர் லாரி பிரேக் அடிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் முன்னால் பாய்ந்தால் வண்டி கவிழ்ந்துவிடும். அதனால் டேங்குக்குள் குறுக்கே தடுப்புச் சுவர் வைப்பார்கள். அந்தச் சுவரை வைப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, மேல்மூடி வழியாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மூடியின் வாயில் ஒரு ஃபேன் ஓடும். ஏதாவது பேச வேண்டும் என்றால் ஏணியில் ஏறி, அந்த ஃபேனுக்குப் பக்கத்தில் தலையை உள்ளே விட வேண்டும். பேசப் பிடிக்கவில்லை என்றால் அக்கா சுத்தியலால் டேங்கைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் முடியாது, இறங்கிப் போ.

"ஃபோனாவது எடுக்கலாமேக்கா" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உள்ள சிக்னல் இல்ல நைனா. அதனாலதான் உள்ளயே கீறேன்."

அக்காவுக்கு உலகத்தில் எல்லோரும் நைனாதான். லாரி முதலாளியும் நைனா, டீக்கடைக்காரரும் நைனா, வழி கேட்க வந்த போலீஸ்காரரும் நைனா.

நான் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவன். நாற்பத்தோரு வயதில் எனக்குக் கார் ஓட்டும் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் ஒரு நிலத்தில், பத்துப் பேர் வளைத்து வளைத்துக் கார் ஓட்டுவோம். அதைப் பந்தயம் என்று சொன்னால் பந்தயத்துக்கே அவமானம். ஆனால் பக்கத்துச் சோழவரத்தில் ஒரு காலத்தில் நிஜமான கார் பந்தயம் நடந்ததால், அந்தப் புழுதியில் கொஞ்சம் எங்கள் ரத்தத்திலும் கலந்திருப்பதாக எங்களுக்கு ஒரு நினைப்பு.

என்னுடையது வீட்டுக் கார். மகளைப் பள்ளிக்கு விடுவதும், மனைவி வேலைக்குப் போவதும் அதில்தான். அந்தக் காரில், வேகமாக வளையும் ஒவ்வொரு தடவையும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிய ஆரம்பித்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியை எங்கள் பக்கம் சேம்பர் என்பார்கள். வளைவில் அதிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, ஆயிலை உறிஞ்ச வேண்டிய குழாய் வெறும் காற்றை உறிஞ்சுகிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் எஞ்சின் இறுகி நின்றுவிடும். எங்களில் ஒருவருக்கு அப்படி நின்றேவிட்டது. அந்தக் காரில் இப்போது கோழி முட்டை போடுகிறது.

"எஞ்சின் போச்சுன்னா நீயும் அந்த வயல்லயே தங்கிக்க" என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

முதலில் எங்கள் கம்பெனியின் குவாலிட்டி மேனேஜரிடம் போனேன். அவரும் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து சேம்பரை வரவழைத்து மாட்டிய வசதியான பைத்தியம். "ஃபேக்டரில பண்ணத வெட்டி ஒட்டக் கூடாது சார். வெல்டிங் சூட்டுல தகடு வளையும். ஆயில் கசியும். என்னைய மாதிரி ஆர்டர் போடுங்க" என்றார்.

நான் நேராகப் போய் அக்காவின் டேங்குக்குள் தலையை விட்டேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு உள்ளிருந்து குரல் வந்தது.

"இவ்ளோதானா? லாரித் தண்ணிக்கே உள்ள சொவுரு கட்றோம். உன் காரு ஆயிலு இன்னா பெரிய மகாராஜாவா? அதுக்கும் கட்டுவோம்."

ஆனால் ஆயில் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்றார். மறுநாள் என் காரின் சேம்பர் அளவுக்கே ஒரு தகரத் தட்டு செய்து, அதில் பழைய ஆயிலை ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். துணைக்கு நான். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா.

"ஏம்மா, இத்த மூடி எட்த்துக்கினு வரக் கூடாதா?"

"மூடுனா எப்டிம்மா பாக்கறது?"

"கல்யாணத்துக்குப் போய்க்கினு கீறேன்மா!"

"போ, நல்லா நடக்கட்டும். நைனா, நீ வளைவுல கொஞ்சம் ஒடிச்சி ஓட்டு!" இது டிரைவருக்கு. அவர் ஒடிக்கவில்லை. கும்பிடு போட்டு, எங்கள் இருவரையும் பாதி வழியில் இறக்கிவிட்டார். அதற்குள் அக்கா பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

திட்டம் இதுதான். உறிஞ்சும் குழாயைச் சுற்றி நாலு சுவரில் ஒரு சின்னப் பெட்டி. இடது சுவரிலும் வலது சுவரிலும் கீல் வைத்த ஒவ்வொரு குட்டிக் கதவு. ஆயில் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. கார் எப்படி வளைந்தாலும் குழாயின் வாய்க்கு ஆயில் இருக்கும்.

விஷயம் கேள்விப்பட்ட மேனேஜர் பட்டறைக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு ஏணியில் ஏறி, மூடிக்குள் தலையை விட்டு, "ஏம்மா, இதெல்லாம் இன்ஜினியரிங். நீங்க லாரி வேலையோட நிறுத்திக்குங்க" என்றார்.

உள்ளே வெல்டிங் நெருப்பு நின்றது.

"நைனா, உன் பேரு இன்னா, படிப்பு இன்னா, எனக்கு வாணாம். நான் சொவுரு வெச்ச லாரி ஒண்ணுகூட இதுவரிக்கும் கவுந்ததில்ல. வர்ற ஞாயித்துக்கெயம இந்தத் தம்பி காரு ஓடும். ஆயில் லைட்டு ஒரே ஒரு வாட்டி எரிஞ்சாகூட நான் டார்ச்ச கீய வெச்சிட்றேன். அப்பால தொடவே மாட்டேன். எரியலைன்னா, இதே மூடிக்குள்ள தலைய வுட்டு, 'தப்பா சொல்ட்டேன்'னு நீ சொல்லணும். சரியா?"

மேனேஜர் "சரி" என்றார். அந்த 'சரி'யும் நாலு தடவை எதிரொலித்தது.

முப்பது வருடமாகப் பிடித்த வெல்டிங் டார்ச். அதை என் ஓட்டைக் காரின் மேல் பணயம் வைத்துவிட்டார்.

அக்கா வேலையில் குறை சொல்ல முடியாது. சூட்டில் தகடு வளையாமல் இருக்க, சேம்பரைக் கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே நெருப்பைக் காட்டினார். வெளிப்பக்கம் சாக்பீஸ் தடவி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைத்தார். ஒரு சொட்டு கசிந்திருந்தாலும் சாக்பீஸில் கறை தெரிந்திருக்கும். தெரியவில்லை.

புதன்கிழமை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். வலது பக்கம் ஒடித்தேன். விளக்கு எரியவில்லை. அக்கா டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார். இடது பக்கம் ஒடித்தேன். விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது.

அக்கா தட்டிக் கொடுத்த கையை டாஷ்போர்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"யாரு உன்ன லெப்ட்ல திரும்பச் சொன்னது?" என்றார் அக்கா.

"ரோடு திரும்புதேக்கா!"

"ரோடு திரும்பும். நீ திரும்பாத. நான் சொல்ற வரிக்கும் லெப்ட்ல திரும்பக் கூடாது."

மெதுவாகத் திரும்பினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்காவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு நாள் நான் வலது பக்கம் மட்டுமே திரும்பினேன். எங்கள் தெரு நெடுஞ்சாலைக்கு இடது பக்கம். தினமும் அதைத் தாண்டிப் போய், பாலத்தடியில் வலது பக்கம் வளைந்து, எதிர்ச் சாலையில் திரும்பி வந்து, மறுபடி வலது பக்கம் ஒடித்து வீட்டுக்குள் நுழைந்தேன். "அப்பா, ஏன் நம்ம வீட்டுக்கு டாட்டா காட்டிட்டுப் போறோம்?" என்று மகள் கேட்டாள். மனைவி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

கம்பெனியில் விஷயம் கசிந்தது. "டார்ச்ச எப்ப கீழ வைக்கிறாங்க?" என்று மேனேஜர் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார். பட்டறையிலோ இரண்டு நாளும் எதைக் கேட்டாலும் இரண்டு தட்டுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிக்குள் தலையை விட்டேன். நெருப்பு இல்லை, சுத்தியல் இல்லை. இருட்டில் அக்கா டேங்கின் தடுப்புச் சுவரில் இருந்த ஒரு சின்னக் கதவை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரில எல்லாக் கதவும் பின்னாலதான் நைனா தொறக்கும். முப்பது வருஷமா அப்டியே மாட்டிக் கை பயகிப் போச்சி. உன் காருலயும் ரெண்டு கதவயும் ஒரே பக்கமா தொறக்குற மாதிரி மாட்டிட்டேன். வலது கதவு வெளிய தொறந்துக்கினு, லெப்ட்ல திரும்பச் சொல்லோ ஆயிலெல்லாம் ஓடிப் போவுது." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பு என்னுதுதான்."

அக்கா தப்பை ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அந்த ஒரே முறைதான். அதையும் டேங்குக்குள் இருந்துதான் சொன்னார்.

"இத்த வெளிய சொன்ன, உன்ன உள்ள வெச்சி மூடி போட்ருவேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா, மன்னிக்கவும். பத்திரிகை டேங்குக்குள் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வலது கதவு திருப்பி மாட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இருபது சுற்று. அவர் பாதையைப் பார்க்கவே இல்லை, விளக்கைத்தான் பார்த்தார். ஒவ்வொரு இடது திருப்பத்திலும் என் கையைக் கிள்ளி, "ஒடி, இன்னும் ஒடி, பயந்து சாவாத!" என்று கத்தினார். நான் பத்து பேரில் ஒன்பதாவதாக வந்தேன். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. நான் அழுதேன். புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் ஏணியில் ஏறினார். அதற்காக அவரை மதிக்கிறேன். தலையை உள்ளே விட்டு, "தப்பா சொல்லிட்டேம்மா" என்றார்.

"ஃபேன் சத்தத்துல காதுல வுழல நைனா."

இன்னொரு தடவை சொன்னார். ஒரு தட்டு விழுந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களில் ஆறு பேரின் காருக்கு அக்காதான் கதவு வைத்தார். எனக்கு இனி அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது, நெடுஞ்சாலையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக இடது பக்கம் ஒடித்துப் பட்டறைக்குள் நுழைகிறேன். ஏணியில் ஏறித் தலையை விட்டு, "அக்கா, இன்னிக்கும் எரியல" என்று சொல்கிறேன்.

"எனுக்குத் தெரியாதா? போ, ஊட்ல தேடப் போறாங்க."

நான் இறங்காமல் நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே இருட்டிலிருந்து சுத்தியல் ஒரே ஒரு தடவை தட்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.