பௌர்ணமியில் ஏறிய பி.பி.

எனக்கு ரத்த அழுத்தம் கிடையாது. மற்றவர்களுக்குக் கொடுப்பதோடு சரி. இதை ஒரு கண் ஆஸ்பத்திரியில் கருவி வைத்தே நிரூபித்தார்கள்.

என் மனைவி வசந்தா பிளவுஸ் தைப்பவள். பல வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள். கண்ணில் புரை முற்றி, ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டாள். (என்னையே நம்பும் அளவுக்கு மோசம்.) "ஆபரேஷன் அன்னிக்கு பி.பி. ஜாஸ்தியா இருந்தா பண்ண மாட்டோம்" என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். தேதி குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தேன். பௌர்ணமி.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன், பௌர்ணமியன்று ஊருக்குள் ஆட்டோவில் போகத் திட்டம் போட்டால் அவனை என்ன சொல்வது? வேங்கிக்கால் தாண்டியதுமே போலீஸ் தடுப்பு. இறங்கி நடந்தோம். கிரிவலக் கூட்டம் மொத்தமும் எங்களுக்கு எதிரே வந்தது. வசந்தா என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"டென்ஷன் ஆவாத வசந்தா. டென்ஷன் ஆனா பி.பி. ஏறும். ஏறினா திருப்பி அனுப்பிடுவாங்க."

"நீங்க வாய மூடிக்கினு வாங்க, போதும்."

அப்புறமும் வழி நெடுக ஏழெட்டு முறை அதையே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் பி.பி. பார்க்கும் பட்டையைச் சுற்றினார். நூற்றெண்பது. என் வியர்வையைப் பார்த்து எனக்கும் சுற்றினார். நூற்று அறுபது.

"எனக்கு பி.பி.யே கிடையாதுங்க!" (கத்தியதில் இன்னும் ஏறியிருக்கும்.)

அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். எனக்கு நூற்றிருபது. அவளுக்கு நூற்று எழுபத்தைந்து.

"பதட்டப்பட்டா யாருக்கும் ஏறும் சார். உங்களுக்கு சீக்கிரம் இறங்கிடுச்சி. ஏற்கெனவே பி.பி. இருக்கறவங்களுக்கு ஏறுறதும் ஜாஸ்தி, இறங்கவும் நேரம் ஆகும்" என்றார் டாக்டர். "இன்னிக்கு வேணாம்மா."

வசந்தா என்னைத் திட்டவில்லை. "தீபாவளி பிளவுஸ் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடணும்" என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னாள். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று அவள் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்ததோடு சரி.

இரண்டு வாரம் கழித்து எங்கள் மகள் கூட்டிப்போனாள். என்னை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். நூற்று முப்பதுதான் இருந்ததாம், ஆபரேஷன் முடிந்தது. அம்மாவுக்கு ஆகாதவற்றை மகள் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்: உப்பு, ஊறுகாய், அப்பளம், அப்பா.

கட்டுப் பிரித்ததும் வசந்தா முதலில் படித்தது அதைத்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் இன்றும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள்.

நன்றாகப் படிக்கட்டும்.